தொட்டியக்காவுக்குக் கிடைத்த நாற்காலி

அந்த அழகு நிலையத்தில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. தலை கழுவும் தொட்டிக்குப் பக்கத்திலேயே பதினோரு வருஷம் நின்றதால் தொட்டியக்கா. வாடிக்கையாளர்களிலிருந்து மின்சார மீட்டர் பார்க்க வருகிறவர் வரை எல்லாருக்கும் அவள் தொட்டியக்காதான். முதலாளியம்மா மட்டும் அந்த அக்காவையும் நறுக்கிவிட்டு, "ஏ தொட்டி, இங்க வா" என்பாள். பழகிப்போன காது, அதற்கும் திரும்பிப் பார்க்கும்.

கடை என்பது ஒரே நீள அறை. நுழைந்ததும் கண்ணாடிகளுக்கு எதிரே வரிசையாக மூன்று நாற்காலிகள். காலால் மிதித்தால் உயரும், தாழும். அறையின் கோடியில், கழிப்பறைக் கதவுக்கு முன்னால், கழுத்தை வைக்க வளைவு வெட்டிய பீங்கான் தொட்டி. தொட்டிக்கும் மூன்றாவது நாற்காலிக்கும் நடுவே எட்டடி இருக்கும். அந்த எட்டடியைத் தாண்ட அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

கல்யாணமாகி எட்டே மாதத்தில் திரும்பி வந்தவள். அண்ணன் வீட்டில், சலவை இயந்திரம் இருக்கிற அறையில் அவளுக்குக் கட்டில். இயந்திரம் சுற்றும்போது கட்டிலும் சேர்ந்து நடுங்கும். அண்ணி கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. சாப்பாட்டில் ஒரு நாளும் குறை வைத்ததில்லை. வாய்தான் சும்மா இருக்காது. யாராவது வீட்டுக்கு வந்துவிட்டால் போதும், "இவ என் நாத்தனார். பார்லர்ல தலை கழுவிவிடுறா" என்று அறிமுகம் செய்துவைப்பாள். வந்தவர்கள் "அப்படியா" என்று சொல்லிவிட்டு அவளுடைய கையைப் பார்ப்பார்கள். பதினோரு வருஷம் நுரையில் ஊறி, விரல் நுனிகள் சுருங்கி வெளுத்த கை. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள்.

அதே அண்ணி மாதம் தவறாமல் பின்கதவோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "நுனிய கொஞ்சம் ஒழுங்குபடுத்திவிடேன்" என்று ஓசியில் முடி வெட்டிக்கொள்வாள். அப்போது மட்டும் குரலில் தேன் வடியும்! தொட்டியக்கா சொந்தக் காசில் வாங்கிய கத்தரிக்கோலை ஃபிளானல் துணியில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். அவள் வெட்டினால் ஓரம் ஏறியும் இருக்காது, இறங்கியும் இருக்காது. கடையில் நாற்காலிக்காரிகள் வெட்டுவதை எட்டடி தள்ளி நின்று பார்த்தே கற்றுக்கொண்டது. அவர்கள் செய்கிற தப்புகளும் அங்கிருந்தே அவளுக்குத் தெரியும்.

"அடுத்து காலியாகிற நாற்காலி உனக்குத்தான்" என்று முதலாளியம்மா சொல்லாத வருஷமில்லை. முதல் தடவை காலியானபோது முதலாளியம்மாவின் சித்தி மகள் வந்து உட்கார்ந்தாள். அடுத்த தடவை, சான்றிதழைச் சட்டம் போட்டு எடுத்துக்கொண்டு ஒருத்தி வந்தாள். அந்தச் சட்டத்தை மாட்ட ஆணி அடித்துக்கொடுத்ததும் தொட்டியக்காதான். அந்த நாற்காலி கிடைத்தால் அண்ணி வாயிலிருந்து "முடி வெட்டுறா" என்று வரும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை வருஷமும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். கேட்டால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், அவள் கட்டிலில் ஒரு வாரம் படுத்துப் பார்த்துவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

உண்மையைச் சொன்னால், அந்தக் கடை நடந்ததே அவள் விரலால்தான். வறண்ட முடியோடு வருகிறவர்களில் பாதிப் பேர் எண்ணெய் போதவில்லை என்று நினைத்துக்கொண்டு வருவார்கள். மீதிப் பேர் போன மாதம் இன்னொரு கடையில் வாங்கிய டப்பா சரியில்லை என்று புலம்புவார்கள். தொட்டியக்கா அதைக் காதில் வாங்கமாட்டாள். தலையை நனைத்து, நனைந்த முடியில் ஒரே ஒரு இழையை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்துப் பார்ப்பாள். நல்ல முடி கொஞ்சம் நீண்டு, விட்டதும் திரும்பிப் போகும். வெறுமனே காய்ந்துபோனது சட்டென்று அறும். சாயமும் சூடும் மருந்தும் தின்று தீர்த்த முடி இருக்கிறதே, அது இழுத்த இழுப்புக்கெல்லாம் வந்துகொண்டே இருக்கும், திரும்பாது. அந்த முடியில் மேற்கொண்டு எதையும் வைக்கக் கூடாது. இது எந்தச் சான்றிதழிலும் அவள் படித்ததில்லை, கை சொன்னது.

கை சொன்னதை அவள் வாடிக்கையாளர் காதில் சொல்வாள். அதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். தொட்டியில் தலை சாய்த்தவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். குழாயைக் கொஞ்சம் கூடுதலாகத் திறந்தால் அந்தச் சத்தத்தில் முதலாளியம்மாவுக்கு எதுவும் கேட்காது. அப்போது குனிந்து ஆரம்பிப்பாள்.

"ஷாம்புவ மண்டைக்கு மட்டும் போடுங்க, நுனிக்கு வழிஞ்சு வர்ற நுரையே போதும். கண்டிஷனர காதுக்குக் கீழதான் தடவணும். தண்ணி கொதிக்கக் கொதிக்க வேணாம். துண்டால அடிச்சுத் துவட்டாதீங்க, பழைய பருத்தித் துணியால ஒத்தி எடுங்க. லேசா ஈரம் இருக்கும்போதே ரெண்டு சொட்டு எண்ணெய் தடவி, பல்லு அகலமான சீப்பால நுனிலேர்ந்து மேல சிக்கெடுத்துட்டு வாங்க. வேற ஒண்ணும் வேணாம். வெளிய அலமாரில இருக்கிற டப்பா எதுவும் வேணாம்."

கடைசி வரிக்குத்தான் வேலை போகும். ஆனாலும் சொல்வாள். கேட்டுக்கொண்டு போனவர்கள் அடுத்த மாதம் முடி தேறித் திரும்பி வந்தார்கள். டப்பா வாங்காவிட்டாலும் தலையைக் கழுவிக்கொள்ளவாவது வந்தார்கள். முதலாளியம்மா அதைத் தன் ராசி என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் டீச்சர். பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை. ஆறு வருஷத்துக்கு முன்னால் முதன்முதலாகத் தொட்டியில் சாய்ந்தபோது அவர் முடி தண்ணீரிலும் விறைத்துக்கொண்டு நின்றது. பிள்ளைகள் அவருக்கு 'நார் டீச்சர்' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்குதுங்க" என்று அவரே சொல்லிச் சிரித்தார். "கரும்பலகையில படம் கூட போட்டிருக்குதுங்க. முடி மட்டும் அச்சு அசலா இருந்துச்சு!"

"இத சரி பண்ண மருந்து கிடையாது டீச்சர்" என்றாள் தொட்டியக்கா, குழாய்ச் சத்தத்தில். "முடி செத்த பொருள். உடைஞ்சா ஒட்டாது, ஆறாது. உடைஞ்சத வெட்டிட்டு, புதுசா வர்றத பத்திரமா வளக்கணும். ரெண்டு வருஷம் ஆகும்."

"ரெண்டு வருஷமா?"

"அவசரம்னா மேடம்கிட்ட போங்க. அவங்க ரெண்டு மணி நேரத்துல முடிச்சுடுவாங்க, முடியவும் சேத்து."

டீச்சர் வயிறு குலுங்கச் சிரித்தார். ஆனால் சொன்னபடி நடந்தார். இரண்டு வருஷத்தில் முடி படிந்தது. பளபளக்கவில்லை, ஆனால் உடையவில்லை. அன்றிலிருந்து அவர் எதற்கும் தொட்டியக்காவைக் கேட்காமல் தலையில் கை வைக்கவிடமாட்டார்.

அந்த டீச்சருக்கு ஓய்வுபெறும் நாள் வந்தது. பள்ளிக்கூட நடையில் முன்னாள் தலைமையாசிரியைகளின் படங்கள் வரிசையாகத் தொங்கும். விழாவன்று இவரையும் படம் பிடித்து ஆறாவதாக மாட்டப்போகிறார்கள். அங்கேதான் டீச்சருக்குப் புத்தி தடுமாறியது. மற்ற ஐந்து பேரும் வழுவழுவென்று சீவிய தலையோடு இருக்கிறார்களாம். நரை தெரியக் கூடாது என்று வீட்டிலேயே கடைச் சாயத்தை வாங்கி, ஒரே மாதத்தில் இரண்டு தடவை பூசிக்கொண்டார். முடி பழையபடி விறைத்துக்கொண்டது. பதறிப்போய்க் கடைக்கு ஓடி வந்தவரை முதலாளியம்மா வாசலிலேயே மடக்கிவிட்டாள்.

"எதுக்கு டீச்சர் கவலை? நேராக்குற மருந்து ஒரு தடவ வச்சா போதும், பட்டு மாதிரி வந்துடும். வியாழக்கிழமை வாங்க."

வியாழக்கிழமை காலையில் கடை திறந்ததும் முதலாளியம்மா தொட்டியக்காவைக் கூப்பிட்டாள். அன்றைக்கு அதிசயமாக "அக்கா" என்று வந்தது.

"அக்கா, மூணாவது நாற்காலிக்காரி இந்த வாரத்தோட நின்னுடுறா. திங்கக்கிழமையிலேர்ந்து அது உனக்கு."

தொட்டியக்கா கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தாள். "நெசமாவா மேடம்?"

"நெசமாத்தான். ஆனா ஒண்ணு. இன்னைக்கு டீச்சர் வேலை நல்லபடியா முடியணும். குழாயத் திறந்துவிட்டு நீ காதுல ஓதுற கதையெல்லாம் எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. இத்தன வருஷம் பொறுத்துக்கிட்டேன். இன்னைக்கு வாயத் திறந்தே, நாற்காலியும் கெடையாது, தொட்டியும் கெடையாது. புரியுதா?"

புரிந்தது. புரியாமல் என்ன!

பதினோரு மணிக்கு டீச்சர் வந்தார். மருந்து வைப்பதற்கு முன் தலையைக் கழுவவேண்டும். தொட்டியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தொட்டியக்கா நனைத்தாள். வேண்டாம் என்று நினைத்தும் விரல் தானாக ஒரு இழையைப் பிடித்து இழுத்தது. வந்தது. வந்துகொண்டே இருந்தது. விட்டாள், திரும்பவில்லை. காதோரத்தில் இன்னொன்று, பிடரியில் இன்னொன்று எடுத்துப் பார்த்தாள். எல்லாம் அதே கதைதான்.

"என்னம்மா, இன்னைக்கு உன் சத்தத்தையே காணோம்?" என்றார் டீச்சர், கண்ணைத் திறக்காமல். "இவங்க சொல்ற மருந்த வைக்கலாமா? எனக்கும் உள்ளுக்குள்ள உதறலாத்தான் இருக்கு. நீ வேணாம்னு சொல்லு, இப்பவே துண்டச் சுத்திக்கிட்டு எந்திரிச்சுப் போயிடுறேன்."

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. வேண்டிய அளவு சத்தமும் இருந்தது. ஒரு சொல் போதும், யாருக்கும் கேட்டிருக்காது. தொட்டியக்கா நிமிர்ந்து பார்த்தாள். மூன்றாவது நாற்காலிக்காரி தேநீர் குடிக்கப் போயிருந்தாள். நாற்காலி காலியாக, கொஞ்சம் இவள் பக்கமாகத் திரும்பி நின்றது.

"வைக்கலாம் டீச்சர்" என்றாள். "ஒண்ணும் ஆகாது."

ஒண்ணும் ஆகாதாம்! எந்த வாய் ஆறு வருஷம் அந்தத் தலையைக் காப்பாற்றியதோ அதே வாய். டீச்சர் "அப்பாடா" என்று பெருமூச்சு விட்டார். அந்த "அப்பாடா" இன்றைக்கும் அவள் காதில் இருக்கிறது.

முதலாளியம்மாவே கையுறை மாட்டிக்கொண்டு மருந்து பூசினாள். இருபது நிமிஷம் என்றாள். இருபதாவது நிமிஷம் தொட்டியக்கா டீச்சரைத் தொட்டிக்கு அழைத்து வந்து தண்ணீரைத் திறந்தாள். முதலில் நாலைந்து இழை கையோடு வந்தது. பிறகு கொத்தாக வந்தது. அள்ள அள்ள வந்தது. வடிகட்டியை முடி அடைத்துக்கொண்டதில் தண்ணீர் வடியாமல் டீச்சரின் காது வரைக்கும் ஏறியது. டீச்சர் கையைத் தூக்கி உச்சந்தலையைத் தடவினார். கை ஒரு இடத்தில் நின்றுவிட்டது. அலறவில்லை. கண்ணைத் திறந்து, தனக்கு மேலே தலைகீழாகத் தெரிந்த தொட்டியக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலாளியம்மா ஓடி வந்தாள். தொட்டியைப் பார்த்தாள். கண் இமைக்கிற நேரம்தான் யோசித்திருப்பாள்.

"எத்தன நிமிஷம் விட்டே? அடிப்பாவி, இருபதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! நீ பராக்கு பாத்துக்கிட்டு முப்பத்தஞ்சு நிமிஷம் விட்டிருக்கியே!"

கடையே திரும்பியது. நாற்காலிகளில் இருந்தவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்தார்கள். முதலாளியம்மா ஒரு தடவை மூன்றாவது நாற்காலியைப் பார்த்தாள், அப்புறம் தொட்டியக்காவைப் பார்த்தாள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

"ஆமா மேடம்" என்றாள் தொட்டியக்கா. "நான்தான் மறந்துட்டேன்."

டீச்சர் எழுந்தார். தலையில் சால்வையைச் சுற்றிக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தார்.

முதலாளியம்மா சொன்ன சொல் தவறவில்லை. அதுதான் கொடுமை. திங்கட்கிழமை காலை மூன்றாவது நாற்காலி தொட்டியக்காவுக்கு வந்தது. ஃபிளானல் துணியைப் பிரித்துக் கத்தரிக்கோலைக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தாள். சாய்வைத் துடைத்தாள், மிதித்து உயர்த்தினாள், தாழ்த்தினாள். அண்ணியும் வந்தவர்களிடம், "பார்லர்ல முடி வெட்டுறா" என்று சொன்னாள். கேட்ட அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நாற்காலி வந்தது, தலை வரவேண்டாமா? நாற்காலியில் உட்கார ஒருத்தரும் வரவில்லை. தலைமையாசிரியை தலையைப் பொசுக்கியவள் என்று தெரு முழுக்கப் பேச்சு. வருகிறவர்கள் முதல் நாற்காலியும் இரண்டாவது நாற்காலியும் காலியாகும் வரை பத்திரிகையைப் புரட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். "மூணாவது காலியாத்தானே இருக்கு" என்று யாராவது சொன்னால், "பரவால்ல, அவசரமில்ல" என்றார்கள். மூன்று வாரம் அவள் ஒரு தலையைத் தொடவில்லை. சுத்தமாக இருந்த சீப்புகளையே திரும்பத் திரும்பக் கழுவிவைத்தாள்.

தொட்டிக்குப் புதிதாக ஒருத்தி வந்திருந்தாள். இரண்டு பிள்ளைகளின் தாய், இதற்கு முன் சலவைக்கடையில் இருந்தவள். மனிதத் தலையையும் சட்டைக் காலரைப் போலத்தான் தேய்த்தாள். முடியை உச்சியில் குவித்து நகத்தால் பிறாண்டினாள். "பழைய அக்கா எங்க?" என்று தொட்டியில் கிடந்தபடி யாராவது கேட்பார்கள். எட்டடி தள்ளி நின்று தொட்டியக்கா கேட்டுக்கொண்டிருப்பாள். அங்கே போகக் கூடாது என்பது முதலாளியம்மாவின் உத்தரவு. ஒரு வேலைக்கு ஓர் ஆளாம்.

விழாவும் முடிந்தது. படத்துக்கு டீச்சர் உட்காரவில்லை என்று கடைக்கு வந்த ஒரு பெண் சொன்னாள். நடையில் ஆறாவது ஆணி வெறுமனே இருக்கிறதாம்.

நாலாவது வாரம் டீச்சர் வந்தார். தலையில் அதே சால்வை. முதலாளியம்மா பல்லை இளித்துக்கொண்டு, "வாங்க டீச்சர், நானே உங்களுக்கு..." என்று முன்னால் வந்தாள். டீச்சர் அவளைத் தாண்டிக்கொண்டு நேராக மூன்றாவது நாற்காலிக்கு வந்து உட்கார்ந்து, சால்வையை அவிழ்த்தார். அங்கங்கே கொத்தும் மொட்டையுமாக, எலி கடித்த தலை.

"வெட்டு" என்றார்.

தொட்டியக்கா துணியை எடுத்து அவர் கழுத்தில் சுற்றினாள். "டீச்சர், அன்னைக்கு..."

"அன்னைக்கு இருபது நிமிஷம்தான் ஆச்சு. கடிகாரம் என் கண்ணுக்கு நேராத்தான் இருந்துச்சு. முப்பத்திரண்டு வருஷம் மணி பாத்து வேலை செஞ்சவ நான். அவங்க சொன்னது பொய்னு எனக்கு அப்பவே தெரியும். நீ ஒத்துக்கிட்டதும் பொய்னு தெரியும்." கண்ணாடியில் அவளையே பார்த்தார். "அவங்க பொய் சொன்னதுல எனக்கு வருத்தமில்ல. அவங்க கடை, அவங்க பொழப்பு. நான் அவங்கள கேக்கலையே. உன்னைத்தானே கேட்டேன்?"

தொட்டியக்கா வாயைத் திறந்தாள். என்னென்னவோ சொல்ல மூன்று வாரமாகச் சேர்த்துவைத்திருந்தாள். கட்டில் நடுங்குவது, அண்ணி, பதினோரு வருஷம். கடைசியில் வாயில் வந்தது ஒன்றுதான்.

"இந்த நாற்காலி தர்றேன்னாங்க டீச்சர்" என்றாள்.

டீச்சர் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். ஓரத்தில் கிழிந்து டேப் ஒட்டியிருந்த இடத்தில் விரல் கொஞ்ச நேரம் நின்றது.

"இதுவா?" என்றார். கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார். அதுதான் அவளைக் கொன்றது.

வெட்டினாள். நல்ல முடியைக் கண்டுபிடித்து, செத்ததை ஒவ்வொன்றாக எடுத்து, காதையும் பிடரியையும் ஒட்டி ஒரு விரல் உயரத்துக்கு வெட்டினாள். வாழ்க்கையில் அவள் வெட்டியதிலேயே நல்ல வெட்டு அதுதான். டீச்சரின் முகம் தெளிந்து வெளியே வந்தது. காத்திருந்த ஒருத்தி பத்திரிகையை மடித்துவைத்துவிட்டு, "அடுத்து எனக்கு அந்த அக்காதான்" என்றாள். முதலாளியம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

வெட்டிய துகளைக் கழுவவேண்டும். டீச்சர் எழுந்து தொட்டிக்கு நடந்தார். தொட்டியக்கா கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு, உத்தரவாவது ஒன்றாவது என்று பின்னாலேயே போனாள். குழாயில் கையை வைத்துச் சூடு பார்த்தாள். அளவாக இருந்தது. கூடுதலாகவும் திறந்துவைத்தாள். இந்தத் தடவை சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது.

டீச்சர் சாய்ந்து, கழுத்தை வளைவில் வைத்துக்கொண்டார்.

"நீ வேணாம்மா" என்றார். "அந்தப் பொண்ணு கழுவட்டும்."

தொட்டியக்கா தன் நாற்காலிக்குத் திரும்பி வந்தாள். அங்கே அடுத்தவள் உட்கார்ந்து துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள். பின்னால் சலவைக்கடைக்காரி நகத்தால் தேய்க்கும் சத்தம் கேட்டது. டீச்சர் கண்ணை மூடியபடி, "எப்படிம்மா இருக்கு என் முடி?" என்று கேட்பதும் கேட்டது.

"சூப்பரா இருக்கு மேடம்" என்றாள் அவள். "அலமாரில ஒரு டப்பா இருக்கு, அத வாங்கிப் போடுங்க, இன்னும் சூப்பரா வரும்."

"அப்படியா? சரி, குடும்மா" என்றார் டீச்சர்.